பழைய சான்றிதழை நீட்டிய வாசல்

என் அத்தைக்கு அப்பா வைத்த பெயர் வாட்ச்மேன். மருத்துவமனைகளின் முன்பதிவு இணையதளம் ஒன்றை முடங்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வாரத்தில் பாதி நாள் எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு அலுவலகம். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், வீடே இடிந்தாலும் எழ மாட்டாள்.

அப்பா டயாலிசிஸுக்கு இடம் உறுதி செய்வதும் அதே தளத்தில்தான். முந்தின நாள் காலை பத்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால், காத்திருக்கும் வேறு யாருக்காவது அந்தச் சிகிச்சை நாற்காலி போய்விடும். ஒரு முறை தவறினாலும் அவருக்குக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

ஒரு புதன்கிழமை காலை அப்பா போனை நீட்டினார்.

"வாட்ச்மேன், உன் வாசல்ல என்னை விட மாட்டேங்குது. பாதுகாப்பு இல்லையாம்."

"உன் மூஞ்சியப் பாத்திருக்கும்ணா" என்று போனை வாங்கியவள், திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

போலித் தளம் அல்ல என்று காட்ட ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதன் கெடு தீர்ந்தால் எந்த போனும் அந்தத் தளத்தை நம்பாது. பழைய சான்றிதழ் அன்று காலையோடு முடிந்திருந்தது. ஆனால் புதியது ஒரு மாதம் முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அத்தை அதைத் திறந்து பார்த்தாள். தேதி சரியாகவே இருந்தது.

அவளோடு வேலை செய்யும் இளைஞர் ஸ்பீக்கரில் இருந்தார். அவரை அவள் 'அவசரம்' என்பாள்.

"அக்கா, ரெண்டு வாட்டி புதுசா வாங்கிப் போட்டுட்டேன். இன்னொண்ணு வாங்கவா?"

"கீபோர்டுல இருந்து கைய எடு தம்பி. இப்படியே கேட்டுட்டிருந்தா, சான்றிதழ் குடுக்கிறவன் ஒரு வாரத்துக்குக் கதவைச் சாத்திடுவான். வந்த சான்றிதழ்ல குறையில்ல. வாசல்ல நிக்கிறது எதை எடுத்து நீட்டுதுன்னு பாரு."

அவர்களுடைய நிரல்கள் கண்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளில் ஓடுகின்றன. வருபவர்களை முதலில் சந்திக்கும் வாசல் நிரலுக்கு மூன்று பெட்டிகள்; ஒவ்வொரு முறையும் அவற்றில் ஏதாவது ஒன்று பதில் சொல்லும். தொடங்கும்போது ஒரே முறை அது சான்றிதழைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். சான்றிதழ்களை வைக்கும் அலமாரிக்குப் புதியது வந்தாலும் அதற்குத் தெரியாது. வழக்கமாக வாரா வாரம் ஏதாவது மாற்றம் செய்வதால் அது புதிதாகத் தொடங்கிவிடும். அந்த மாதம் எதையும் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. தொடாமல் விட்டதால் வந்த வினை இது.

அத்தை வாசல் நிரலை மறுபடி தொடங்க வைத்தாள்.

"திறந்துடுச்சு" என்றார் அப்பா. அடுத்த பக்கம் போனதும், "திரும்பவும் சாத்திட்டான்."

"விடாம அழுத்திட்டே இருண்ணா."

திறந்தது, திறந்தது, மறுத்தது. அத்தை கொண்டைப் பென்சிலை உருவிக் கடித்தாள். "மூணுல ஒண்ணு இன்னும் பழசு."

புதிய பெட்டி எழுந்து நின்ற பிறகுதான் பழையது விலகும். மூன்றாவது எழுந்து நிற்கக் கணினியில் இடமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை அவசரத்தின் சோதனைப் பெட்டிகள்.

"தம்பி, உன் கடையைக் காலி பண்ணு."

"அக்கா, போன வாரம் பூரா உக்காந்து செஞ்சது…"

"முதல்ல காலி பண்ணு, அப்புறம் சேர்ந்து அழலாம்."

பத்தாகச் சில நிமிடங்களே இருந்தபோது அப்பாவின் திரையில் 'உறுதி' என்று வந்தது. அவர் போனை மார்போடு வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் மருத்துவமனையோடு பேசிக்கொண்டிருந்தாள். "தப்பு எங்க பக்கம்தாங்க. மத்தவங்களும் உள்ள வர முடியாம நின்னிருப்பாங்க. இன்னிக்கு மட்டும் மத்தியானம் வரைக்கும் உறுதி பண்ண விடுங்க." அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை போனை வைக்கவில்லை.

மறுநாள் அப்பாவை நான்தான் அழைத்துப் போனேன். ஒரு நாற்காலியும் காலியில்லை. பக்கத்து நாற்காலியில் குழாய்களோடு சாய்ந்திருந்த அம்மாள் சொன்னார்: "நேத்து காலைல பதிவே ஆகல, பயந்துட்டேன். பத்து மணிக்கு மேல திரும்பப் பாத்தப்பதான் உள்ள போக முடிஞ்சுது. நல்லவேளை, அதுவா சரியாயிடுச்சு."

அப்பா தலையைத் திருப்பினார்.

"அதுவா ஆகலைங்க" என்றார். "என் தங்கச்சி."