வெளிநாட்டுக் கள்ளனும் ஒரு சிவப்பு நூலும்

போன வருடம் ஐப்பசி மழை பிடித்த வாரம், புளத்கொகுபிட்டிய என்ற ஊருக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டு, எங்கோ வெளிநாட்டில் இருக்கிற கள்ளன் ஒருவன் இணையம் வழியாக உள்ளே புகுந்து எங்கள் தேயிலையைக் கெடுக்கிறான் என்று நான் மனதார நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. சின்ன வயதுக் கோளாறு என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

அந்தத் தொழிற்சாலையில் தேயிலையிலிருந்து தண்டையும் நாரையும் பிரிக்கிற மெஷின் ஒன்று உண்டு. தேயிலை மேலிருந்து கொட்டும், கமரா படம் பிடிக்கும், தண்டு தெரிகிற இடத்தில் மெஷின் காற்றை ஊதி அதைத் தள்ளிவிடும். இடி விழுந்து மெஷினின் மூளை கருகிப்போனது. புதியது வர மாதக்கணக்காகும் என்றார்கள். கேகாலையில் கணினி திருத்திப் பிழைக்கிற நான், லினக்ஸ் ஓடுகிற சின்னக் கணினி ஒன்றைப் பொருத்தி, நிரலும் நானே எழுதி ஓடவிட்டேன். முதலில் மெஷின் நொண்டியது. நிரலில் கொஞ்சம் கை வைத்தேன், பறந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தோட்டத்தை நடத்துகிற துரை தொலைபேசியில் அழைத்தார். மழையில் கொழுந்து குவிகிறது, மெஷினை முழு வேகத்தில் விட்டிருக்கிறார்கள், நல்ல தேயிலை தண்டுப் பெட்டிக்குள் போகிறது. “மெஷின்ல நிக்கிற பொம்பள எதையாவது மாத்தியிருப்பாவா?” என்று கேட்டார். நான் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “இருக்கலாம் சேர்” என்றேன். வாயில் சோறு இருந்தபடியே சொன்ன அந்த ஒரு வார்த்தையில், பதினோரு வருடம் அங்கே வேலை செய்த அக்காவை மெஷினிலிருந்து எடுத்துக் கூட்டுகிற வேலைக்குப் போட்டு, மறுநாள் மாலைக்குள் விளக்கக் கடிதம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கடிதம் சரியில்லை என்றால் வேலையே இல்லை.

மறுநாள் காலை போய், கமரா எடுப்பதைக் காட்டுகிற திரையைப் பார்த்தேன். அப்போதே விழுந்துபோன தண்டு, திரையில் மறுபடி விழுந்தது. படங்களில் கொள்ளைக்காரர்கள் காவலாளிக்குப் பழைய காட்சியை ஓட்டிக் காட்டுவார்களே, அதேதான் என்று முடிவு கட்டினேன். இணைய வயரைப் பிடுங்கினேன். ஒபிஸில் கிளார்க் பாதி அனுப்பிக்கொண்டிருந்த மின்னஞ்சல் அந்தரத்தில் நின்றது. என் மடிக்கணினியின் கமராவுக்குக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒட்டினேன். கள்ளன் ஒட்டுக் கேட்கக் கூடாதென்று கைபேசியை, தொழிற்சாலை வேலையை மேற்பார்க்கிற டீமேக்கரின் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். இரண்டு நிமிடத்தில் டின்னுக்குள்ளிருந்தே மணி அடித்தது. மனைவி. மத்தியானம் சாப்பிட வருவீங்களா என்று கேட்டாள்.

சிங்களவரான டீமேக்கர் வாசலில் நின்று, “பாஸ், ஹரித?” என்று மெதுவாகக் கேட்டார். மெஷின் திருத்துகிறவனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சரியா என்று அவர் கேட்டது மெஷினையா என்னையா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

அந்த அக்கா விளக்குமாற்றோடு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கள்ளன புடிச்சிட்டீங்களா பாஸ்?”

“வெளையாடாதீங்கக்கா. இது பெரிய வெவகாரம்.”

“ரெண்டு நாளா சொல்றேன், கேக்க ஆளில்ல. கொஞ்சம் இங்க பாருங்க.”

மூட்டை தைக்கிற சிவப்பு நூலில் ஒரு முழம் எடுத்தார். கமராவுக்கு முன்னால் மேலும் கீழுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, கைகள் இரண்டையும் ஒன்றாக இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினார். கையில் நூல் நேராக இருந்தது. திரையில் நடுவில் வெட்டுப்பட்டு, மேல் பாதி ஓரிடத்திலும் கீழ் பாதி இன்னோரிடத்திலும் நின்றது.

“நூலு அந்து போகல பாஸ். ஒங்க படந்தான் அந்து போகுது. மேல் பாதி இப்ப எடுத்தது, கீழ் பாதி முன்னுக்கு எடுத்தது.”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டார். “கொழுந்து பரத்தி முடியிறதுக்கு முந்தி ரோலர்காரன் வந்து அள்ளுனா எப்படி இருக்கும்? பாதி வாடுனது, பாதி பச்ச. அப்படித்தான இருக்கு?”

கொழுந்து வாட்டும் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பலகை தொங்கும். பரப்பி முடித்தவர் அதில் சோக்கால் நேரத்தை எழுதுவார். வாடிய கொழுந்தை ரோலர் மெஷினுக்கு அள்ளிப் போகிற ரோலர்காரர், எழுதாத தொட்டியில் கை வைக்க மாட்டார். அள்ளி முடித்தவர் அழித்துவிட்டுப் போவார். அழிக்காத தொட்டியில் புதுக் கொழுந்து விழாது.

என் கணினிக்குள்ளும் அதே ஏற்பாடுதான். கமரா எடுக்கிற படத்தை ஒவ்வொரு சாதனத்துக்கும் நகல் எடுத்துக் கொடுத்தால் நேரம் போய்விடும். அதனால் நினைவகத்தில் ஒரே இடத்தைக் கமராவும், தண்டு தேடுகிற சிப்பும், திரையும் பங்கு போட்டுக்கொள்ளும். கமரா எழுதி முடிக்கும்வரை மற்றவை வாசிக்கக் கூடாது. அவை வாசித்து முடிக்கும்வரை கமரா அதன்மேல் மறுபடி எழுதக் கூடாது. யார் முடித்தார்கள் என்ற அடையாளத்தை லினக்ஸின் உட்கருவான கர்னல் வைத்திருக்கும். அதைப் பார்த்துக் காத்திருப்பது என் நிரலின் வேலை.

மெஷின் பறக்க வேண்டும் என்று நான் கை வைத்தேனே, அன்று தூக்கி எறிந்தது அந்தக் காத்திருப்பைத்தான். கொழுந்து குறைவாக வந்தவரை அதிர்ஷ்டம் காப்பாற்றியது. முழு வேகத்தில் விட்டதும் சிப் பலகை பார்க்காமல் அள்ளத் தொடங்கி, எப்போதோ போய்விட்ட தண்டுக்கு ஊதிய காற்றில் நல்ல தேயிலை தள்ளுப்பட்டது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் பத்து நிமிடத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, கள்ளனை விரட்டிவிட்டேன் என்று மீசையை முறுக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். நல்ல பொய்யாகவும் இருந்தது. அப்போது அக்கா, மடித்து வைத்திருந்த வெற்றுத் தாளை எடுத்தார்.

“அப்ப இந்தக் கடுதாசில நா என்ன எழுதணும், பாஸ்?”

அந்தத் தாளை நான் வாங்கிக்கொண்டேன். முதலில் நிரலைச் சரிசெய்தேன். மெஷின் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒழுங்காகப் பிரித்தது. பிறகு துரையின் ஒபிஸுக்குப் போனேன். போகிற வழியில் சொல்லிப் பார்த்த நாலைந்து தொழில்நுட்ப வார்த்தைகளும், அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயின. “பிழை என்னோடது சேர். அவங்க ஒண்ணையும் தொடல” என்றேன். “அப்ப நேத்து இருக்கலாம்னு சொன்னது?” என்றார். அதையும் சேர்த்து அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அன்று மாலையே அக்கா மெஷினுக்குத் திரும்பினார்.

வெளியிலிருந்து ஒருவனும் உள்ளே வரவில்லை. மெஷினைக் கெடுத்தவனும் நான்தான், கெட்டதை முதலில் கண்டு சொன்னவர் மேல் பார்க்காமலே பழி போட்டவனும் நான்தான்.