கலங்கலில் கிடந்த மூட்டைகள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது எங்கள் தெரு. கரைமேல் நடைபாதை, பெஞ்சு, தண்ணீரில் மிதிபடகு எல்லாம் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் அங்கே யார் நடந்தாலும் எங்களுக்குச் சந்தேகம்தான். ஏரிக்குள்ளே வீடு கட்டியவர்கள், தண்ணீர் ஏறினால் கரையை வெட்டிவிடுவார்கள் என்று பயம்.

போன மழையில் ஒருநாள் விடிந்ததும், ஏரிக்குள்ளே குடியிருக்கிற ஆள் ஒருவர் மண்வெட்டியோடு கரைமேல் போனார். விடுவேனா? குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடுகிற கலங்கல் வந்ததும் அவர் திரும்பினார்.

"இன்னாக்கா, கரைய வெட்றேனான்னு பாக்க வந்தியா? மொதல்ல இதப் பாரு."

கலங்கலை அடைத்து மணல் மூட்டைகள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராமலிருக்க யாரோ போட்டிருந்தார்கள்.

"தண்ணி போக வழியில்லாம என் ஊட்ல இடுப்பளவு நிக்குது. கரையே ஒடஞ்சா உன் தெரு மட்டும் மிஞ்சுமா?"

மூட்டைகளின் வாயைக் கட்டியிருந்தது, என் பழைய பச்சைப் புடவையைக் கிழித்த துண்டுகள். முந்தின நாள்தான் என் வீட்டுக்காரர் அந்தப் புடவையைக் கேட்டு வாங்கிப் போனார். எதற்கென்று சொல்லவில்லை.

குடையை மடக்கி வைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து நானும் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அன்று எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். "அவனுங்க வேலதான் இது," என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினார்.

"நானும்தான் இழுத்தேன்," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

இப்போது நான் கரைமேல் நடக்கப் போனால், மண்வெட்டி இருக்கிறதா என்று எங்கள் தெருவே என் கையைப் பார்க்கிறது. எதிரே வரும் அந்த ஆள் மட்டும், "நாஷ்டா ஆச்சாக்கா?" என்று என் முகத்தைப் பார்த்துக் காலைச் சாப்பாட்டை விசாரிக்கிறார்.