தேங்காய் போடாத சுண்டல்

பிரிக்பீல்ட்ஸில் நான் போகும் ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் உடல்நலம் பற்றிய வாரச் செய்தி எழுதுவது நான்தான். அங்கே உடற்பயிற்சிக்கு வரும் மணியம் அங்கிள் வெள்ளிதோறும் சாமிக்குப் படைத்த கடலைச் சுண்டலை டப்பாவில் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் கொடுப்பார். "இவ்வளவு தேங்கா சாப்பிட்டா தொப்பை எப்படிக் கொறயும் அங்கிள்?" என்று ஒருமுறை குழுவில் கிண்டலாக எழுதிவிட்டேன். அடுத்த இரண்டு வெள்ளியும் அவர் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவது வெள்ளி டப்பாவோடு வந்து நின்றார்.

"வெறுங்கையோட எப்படி வர்றது தம்பி? தேங்கா போடாம ருசியா வர ரெண்டு வாரம் ஆயிடுச்சு லா."

கை நீட்டவே கூச்சமாக இருந்தது.

அந்த வாரச் செய்தியில் எழுதினேன்: "கடலையில புரதம் இருக்கு. தேங்காயும் உடம்புக்கு நல்லதுதான். அடுத்த வெள்ளி அள்ளிப் போடுங்க அங்கிள்."