முப்பது சேனலும் இடம் போதாத இருவரும்

மருத்துவமனையில் அவரை எல்லோரும் லைன்காரர் என்றே அழைப்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகத் தரைத்தளத்து ஜன்னலில்லாத அறையில், மருத்துவமனையின் எல்லா அழைப்புகளையும் இணைக்கும் தொலைபேசிப் பெட்டியோடு குடித்தனம் நடத்துபவர் என்று அவருடைய மனைவி சொல்வதில் மிகை அதிகமில்லை. எதையும் நோட்டில் எழுதாமல் நம்பமாட்டார். தாம் விழுங்கிய மாத்திரையைக்கூட.

பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திய மறு திங்கட்கிழமை, வரவேற்பு மேசைப் பெண் புகார் கொண்டுவந்தாள். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை வெளியே அழைத்தால், மணி அடிக்குமுன்பே இணைப்பு செத்துவிடுகிறதாம். மேலாளர் சுருக்கமாகவே பேசினார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை வெளி நிறுவனத்துக்குப் போகும். லைன்காரர் மருந்துக் கிடங்குக்குப் போவார். அட்டைப்பெட்டி எண்ணும் வேலையை நினைத்ததும் அன்று வெட்டுப்பட்ட அழைப்புகளை ஒவ்வொன்றாக நோட்டில் குறித்துக்கொண்டார்.

காரணம் உடனே விளங்கிவிட்டதாகத்தான் நினைத்தார். மருத்துவமனைக்கும் ஊர்த் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே ஒரே கேபிள். அதற்குள் முப்பது சேனல்கள். ஒரு சேனலில் ஒரு பேச்சு. உள்ளே வரும் அழைப்புக்கு எக்ஸ்சேஞ்சும், வெளியே போவதற்கு இவருடைய பெட்டியும் காலி சேனலைத் தேடும். இரண்டும் ஒன்றாம் எண்ணிலிருந்தே தேடினால், நெரிசலில் ஒரே சேனலை ஒரே கணத்தில் பிடிக்கும். அப்போது எக்ஸ்சேஞ்சுக்கே முதலுரிமை. மருத்துவமனையின் அழைப்பு வெட்டுப்படும். அன்று வெட்டுப்பட்ட சேனல்கள் எல்லாம் இரண்டு, மூன்று, நான்கு என்றே நோட்டில் இருந்தன.

எக்ஸ்சேஞ்ச் அதிகாரியிடம் விவரத்தைச் சொன்னார். பதினோர் ஆண்டுகளாகக் குரலால் மட்டுமே பழகியவர்; முகம் பார்த்ததில்லை. எந்தப் பழுதானாலும், தவறு தம் பக்கம்தான் இருக்கும் என்று இருவரும் போட்டிபோட்டுச் சொல்லிக்கொள்வது வழக்கம். பார்ப்பதாகச் சொல்லி அதிகாரி ஃபோனை வைத்தார்.

அன்று மாலை லைன்காரர் தம் பெட்டியை முப்பதிலிருந்து கீழ்நோக்கித் தேடும்படி மாற்றினார். செவ்வாய்க் காலையிலும் வெட்டு. நோட்டில் இப்போது இருபத்தொன்பது, இருபத்தெட்டு. பழைய எண்களில் ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சேனலில் கோளாறென்றால் அது இருந்த இடத்திலேயே இருக்கவேண்டாமா? அதிகாரியிடம் புலம்பிவிட்டு, மாலையில் பழையபடியே திருப்பிவைத்தார். புதன்கிழமை வெட்டும் பழையபடியே இரண்டுக்கும் மூன்றுக்கும் திரும்பியிருந்தது. கேபிளைச் சோதித்தார், பெட்டிக்குள் இருந்த மின்னணு அட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தம் கண்ணையே சந்தேகித்துக் கண்ணாடியையும் துடைத்தார்.

சாப்பிடும்போது நோட்டையே வெறித்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி என்ன சங்கதி என்று கேட்டாள். சொன்னார்.

“பேசாம ரெண்டு நாள் லீவு போட்டுப் பாருங்க. நீங்க எங்க போறீங்களோ அங்கதானே அதுவும் வருது?”

அவருக்குச் சுருக்கென்றது. பிறகு கை பாதியில் நின்றது. தம்மோடு சேர்ந்து நகரக்கூடியவர் உலகில் ஒருவர்தான் உண்டு.

வியாழன் காலை முதல் வேலையாக ஃபோனை எடுத்தார்.

“சார், திங்கக்கிழமை சாயங்காலம் உங்க பக்கம் எதையாவது மாத்தினீங்களா?”

“மாத்தினேனே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே முப்பதுலேர்ந்து தேட வச்சேன். மறுநாளும் வெட்டுன்னீங்க. சரி, என் கை ராசி அப்படின்னு திருப்பிட்டேன்.”

“நானும் அதையேதான் சார் பண்ணினேன். ரெண்டு தடவையும்.”

பிறகு, தாமே மாற்றிவிடுவதாக இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“வேண்டாம் சார், நீங்க ஒண்ணுலேயே இருங்க. நான் மட்டும் முப்பதுக்குப் போறேன்,” என்றார் லைன்காரர்.

“அப்ப நான் சும்மா இருக்கிறதா?”

“அதான் சார் நீங்க செய்யற பெரிய உதவி.”

வெள்ளிக்கிழமை ஒன்பது முதல் பதினொன்று வரை நோட்டில் எழுத ஒன்றுமில்லை. மேலாளர் கிடங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெற்றுப் பக்கத்தை நம்பமுடியாமல், பதினொன்று ஐந்துக்கு லைன்காரர் எக்ஸ்சேஞ்சை அழைத்து, நிஜமாகவே எதையும் தொடவில்லையா என்று கேட்டார்.

“கை துறுதுறுங்குது சார்,” என்றார் அதிகாரி. “ஆனா தொடலை.”