செல்வராணி அக்கா எனக்காகக் கேட்டவை

போன மாதம் காரியாபட்டிச் சந்தையில் நின்றிருந்தபோது என் கணவரிடமிருந்து போன் வந்தது. "மதினி போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக, அம்புட்டுத்தான்" என்றார். கையிலிருந்த காய்கறிப் பையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தவர்கள் அனைவருக்கும் செல்வராணி அக்காவைத் தெரியும். என் கணவரின் அண்ணன் மனைவி. கல்லாவில் உட்கார்ந்தபடியே கடை முழுவதையும் அதட்டும் அந்தக் குரல் உங்கள் காதில் இருக்கும். அது தணிந்து ஒலித்த நாட்களை நான் சொல்ல வேண்டும்.

என் இரண்டாவது பெண் பிறந்தபோது ரத்த அழுத்தம் ஏறி எனக்கு வலிப்பு வந்தது. இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டர். வீட்டிலோ ஆண் பிள்ளைப் பேச்சு ஓயவில்லை. கணவர் பக்கத்தில் வந்தாலே எனக்குப் பயம் வந்தது. கருத்தடை மாத்திரை என் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. காப்பர்-டி வைத்தால் உதிரப்போக்கு கூடலாம். எனக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. கருத்தடை ஆபரேஷன் என்றால் மறுபடியும் பிரசவத்தில் படுத்த அந்த மேசை. எதை நினைத்தாலும் தூக்கம் போனது.

ஒரு மதியம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூணாவது பிள்ளை பெத்தப்ப என்னையக் கேக்காமலே காப்பர்-டி வச்சு விட்டாக. வருசக்கணக்கா வயித்து வலி. வேற டாக்டரு ஸ்கேன் எடுத்துத்தான் சொன்னாரு. அதைக் கெட்டதுன்னு சொல்லலை. என் உடம்புக்குள்ள இருக்கிறது எனக்கே தெரியலையே. நாளைக்குக் கெளம்பு, நானும் வாரேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கருத்தடை ஊசி போட்டால் என்ன செய்யும், நிறுத்தினால் என்ன ஆகும். கடைசியில், "இவ புருசன் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டா?" என்றார். இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக இருந்தால் அதுதான் எளிது, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் டாக்டர்.

வீட்டில் மாமியார் பதறினார். "லோடு எறக்குறவன். தெம்பு போயிட்டா?"

"தெம்பெல்லாம் போகாதுன்னு டாக்டரம்மா சொன்னாக, அத்தை" என்ற அக்கா, என் கணவரைப் பார்த்தார். "தம்பி, இவ வலிப்பு வந்து கெடந்தப்ப வாசல்ல நின்னு அழுதீகளே. நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். பல நாட்கள் என் முகத்தையே பார்க்கவில்லை. எல்லாம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "போவமா?" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகும் மூன்று மாதம் ஆணுறை வேண்டும், விந்துப் பரிசோதனை முடியும்வரை நம்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடைவெளியில் எனக்கு மாதவிடாய் தள்ளிப்போனது. அருப்புக்கோட்டையில் வாங்கினால் பேச்சு வரும் என்று அக்கா திருச்சுழிக்குப் பஸ் ஏறிப் போய், கர்ப்பம் பார்க்கும் அட்டையை வாங்கி வந்தார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, அவரிடமே கொடுத்தேன். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒத்தக் கோடுதான். கர்ப்பமில்லடி, ஒண்ணுமில்ல" என்று சுவரில் சாய்ந்து அழுதார்.

பிறகு கணவரின் பரிசோதனையும் சரியாக வந்தது. என் பயம் மெல்லத் தீர்ந்தது.

இப்போது எந்த மருத்துவர் முன்னும், "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று என்னால் கேட்க முடிகிறது. அது அக்கா எனக்கு விட்டுப் போனது. கேட்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அக்காவுக்கும் அப்படித்தான் படபடத்திருக்கும்.