வாஷ்பேசினுக்கு அடியில் குருவம்மாள்

எந்தக் குழாயைத் தொடும் முன்பும் குருவம்மாள் அதைத் துடைத்துவிடுவார். புடவைக்கு மேல் போட்டிருக்கும் கணவரின் முழுக்கைச் சட்டைப் பையிலிருந்து பழைய பனியன் துணி வெளியே வரும். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல, மேலிருந்து கீழே ஒவ்வொரு மூட்டாகத் துவட்டுவார். "நனைஞ்ச பைப்புக்கிட்ட கேட்டா பொய்தான் டீச்சர் சொல்லும். காய வச்சுட்டுக் கேக்கணும்" என்பார்.

துடைத்தபின் தாள். சிவகாசியில் அச்சகங்கள் வெட்டித் தள்ளும் தாளுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய ரோஸ் தாளை ரிப்பனாகக் கிழித்து மூட்டுக்கு மூட்டு சுற்றுவார். ஒரு சொட்டு பட்டாலும் தாள் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பன்னிரண்டு வருடம் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகியவர் அவர். குழாய் வேலைக்கு வந்தது கணவர் கோட்டைச்சாமியின் தோள் அகலத்தால். அவர்தான் அப்போது பிளம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டில் அலமாரிக்குள் இருந்த குழாய் மூட்டை எட்ட முடியாமல் அவருடைய தோள் சிக்கிக்கொள்ள, சாப்பாடு கொண்டுபோன குருவம்மாள் உள்ளே நுழைந்து திருகிவிட்டு வந்திருக்கிறார். "மனுசன் வெளிய நின்னு வலது, இடதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. நான் முடிச்சு வெளிய வந்த பெறகும் சொல்லிக்கிட்டே இருந்தாக." அன்றிலிருந்து மாடித் தொட்டியும் மோட்டாரும் அவருக்கு, வீட்டுக்குள் இருப்பதெல்லாம் இவருக்கு.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது 2006 கார்த்திகையில். பழைய வாஷ்பேசினில் கீறல் விழுந்து, புதிது மாற்றியிருந்தோம். மறுநாளே அடியில் ஒழுகியது. மாட்டியவர் இரண்டு முறை வந்து இன்னும் இறுக்கிவிட்டுப் போனார். இன்னும் ஒழுகியது. குளியலறைக்கு நேர் கீழே வீட்டுக்காரர் சண்முகவேல் அண்ணாச்சியின் குடோன். லாரிக்குக் காத்திருக்கும் நாலாயிரம் தினசரிக் காலண்டர். கூரையில் ஈரம் படர்ந்து ஒரு கட்டின்மேல் சொட்டியதும் அண்ணாச்சி மாடியேறி வந்துவிட்டார்.

"சீசன் முடியிற வரைக்கும் இந்தப் பாத்ரூமப் பூட்டிருங்க டீச்சர். கீள இருக்கிறதப் பொளங்கிக்கோங்க."

என் மாமியாருக்கு மூட்டுவலி. தினமும் படியிறங்கி ஏறுவதெல்லாம் அவரால் நடக்கிற காரியமில்லை. பக்கத்து வீட்டு சொர்ணலட்சுமிதான் ஓடிப்போய் குருவம்மாளைக் கூட்டிவந்தாள்.

அண்ணாச்சி குளியலறை வாசலிலேயே நின்றார். "இன்னும் நல்லா இறுக்கும்மா."

"இறுக்குனதுதான் அண்ணாச்சி வெனை" என்று பேசினுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

நாங்கள் எல்லோரும் சந்தேகப்பட்டது சுவரோரத்துக் கீழ் மூட்டை. தாள் சுற்றித் தண்ணீர் விட்டபோது, அதன் தாள் கடைசியில்தான் நனைந்தது. முதலில் கறுத்தது உச்சித் தாள், பேசினின் துளையில் பித்தளைக் குழல் மாட்டிய இடத்தில் சுற்றியது. அங்கே இருந்த ரப்பர் வாசர், இறுக்கிய இறுக்கில் ஒரு பக்கமாகப் பிதுங்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

புது வாசர் போட்டார். தண்ணீர் விட்டோம். உச்சித் தாள் மறுபடியும் கறுத்தது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். குருவம்மாளுக்கு மட்டும் சிரிப்பு. "கெட்டிக்காரந்தாம்லே நீ" என்று பேசினிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் துளையின் அடி விளிம்பை மெல்லச் சுற்றிவந்தார். பாதிச் சுற்றில் விரல் நின்றது.

"இங்கன ஒரு பரு இருக்கு. தொட்டுப் பாருங்க."

எனக்கு இரண்டாவது முறைதான் தட்டுப்பட்டது. கடுகளவு மேடு, சூளையிலேயே ஒட்டிக்கொண்ட பிசிறு. அதன்மேல் எத்தனை வாசர் போட்டாலும் ஓரத்தில் இடுக்கு விழத்தான் செய்யும். உப்புத்தாளால் அரைமணி நேரம் தேய்த்தார். பிறகு வாசரைப் பதித்து, நட்டைக் கையாலேயே திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் வைத்தார். "அம்புட்டுத்தான். இதுக்கு மேல போனா அதுக்குக் கோவம் வந்துரும்."

புதுத் தாள் சுற்றி, விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டோம். அத்தனை தாளும் காய்ந்தே இருந்தன. மாமியார் கட்டிலிலிருந்தபடியே, "நின்னுருச்சா?" என்று கேட்டார். அண்ணாச்சி மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"தாளுக்குத் தெரியாம ஒரு சொட்டு எறங்குனாலும் போறது என் சரக்குல்லா?"

குருவம்மாள் தாள்களை உரித்துப் போட்டார். "டீச்சர், பேசின் நெறயத் தண்ணி விடுங்க" என்றார். நிறைந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, தலையை அடியில் நீட்டினார். குளித்து வந்த நெற்றியில் வட்டமாகக் குங்குமம். அதை மூட்டுக்கு நேர் கீழே கொண்டுவந்து, "தொறந்து விடுங்க" என்றபடி கண்களை மூடிக்கொண்டார். தண்ணீர் கடகடவென்று இறங்கி ஓய்ந்தது. குங்குமம் கலையவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, அண்ணாச்சியைப் பார்த்தார்.