நாற்பது நொடிக் குதிரை

ஒரு கன்னடப் படத்தில் நான் நாற்பது நொடி வருகிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் அதில் என் முகம் தெரியாது. தொப்பியும் முதுகும்தான் தெரியும். பதினான்கு வயதுப் பையன் ஒருவனும் அவன் உயிராய் வளர்க்கும் குதிரையும்தான் கதை. குதிரையை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், பையன் காடு மலையெல்லாம் அலைந்து மீட்டு வருகிறான். மெஜஸ்டிக் பக்கத்து தியேட்டர் ஒன்றில் ஒரு வாரம் ஓடியது. அந்தப் பையனின் முதுகு என்னுடையது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, வருஷம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பா ரேஸ் குதிரை லாயம் ஒன்றில் சயிஸாக இருந்தார். குதிரைக்குத் தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, மாலிஷ் போடுவது, காலையில் நடத்திக் கூட்டிப் போவது எல்லாம் சயிஸ் வேலை. ஆளுக்கு மூன்று குதிரைகள் கொடுத்திருப்பார்கள். அடுகோடியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். மூன்றில் ஒன்று செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. ரேஸ் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அப்பா அதை "பேட்டா", மகனே, என்றுதான் கூப்பிடுவார். லாயத்தில் எல்லோரும் குதிரைகளிடம் தக்னி உருதுவில்தான் பேசுவார்கள், அப்பாவுக்கும் அதே பழக்கம். என்னை அவ்வளவு குழைந்து கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு அந்தக் குதிரைமேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பேட்டா ரேஸில் உருப்படவில்லை. ரேஸ் தொடங்கும் இடத்தில் வரிசையாக இரும்புக் கூண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குதிரையை நிறுத்துவார்கள், எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் படாரென்று திறக்கும். அந்தக் கேட்டை விட்டு வெளியே பாய்வதில் பேட்டாவை மிஞ்ச ஆளில்லை. அதோடு சரி. பாதி தூரம் போவதற்குள் மற்ற குதிரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டு சீசன் பார்த்துவிட்டு முதலாளி கைகழுவிவிட்டார். குதிரை ஏற்றம் கற்றுத்தரும் இரண்டு இடங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் "திடீர் திடீர்னு பாயுது, பிள்ளைங்களை ஏத்த முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக ஆனேக்கல் பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளி. அங்கிருந்தும் திரும்பி வந்தால் ஊசி போட்டுவிடச் சொல்லி முதலாளி டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. ஊசி என்றால் என்னவென்று லாயத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா அந்த வார்த்தையை வீட்டில் ஒருதரம்தான் சொன்னார், சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

பத்து நாள் பழக்கிப் பார்க்கச் சொல்லி அப்பாவையும் குதிரையோடு அனுப்பினார்கள். எனக்குக் கோடை லீவு. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது, பிடித்தால் விடமாட்டேன். "போய்த் தொலை, ரெண்டு பேரும் சாணி நாத்தத்தோட வந்தீங்கன்னா வெளியவே நில்லுங்க" என்று சொல்லி அம்மா துணி மடித்துக் கொடுத்தாள்.

பள்ளியை நடத்தியவர் உயரமான ஓர் அம்மாள், எல்லோருக்கும் அவர் மேடம். கன்னடக்காரர், ஆனால் எங்களிடம் தமிழில் பேசுவார். சிரித்து நான் பார்த்ததில்லை. நான்கு நாள் பேட்டா பரம சாதுவாக இருந்தது. சின்னப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வட்டமாக நடந்தது. அப்பா தீனிக்குக் குதிரைமசால் புல்லை நறுக்கிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஷூட்டிங் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பள்ளிக்குப் பின்னால் இருந்த வறண்ட ஏரியில் படம் எடுக்க மேடமிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார்களாம். அவர்கள் கூட்டி வந்த குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போதே நொண்டியது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து லாயத்தை ஒரு சுற்றுச் சுற்றியவர், எங்கள் குதிரையின் முன்னால் வந்து நின்றார். அதே நிறம், அதே நெற்றி. மேடம் கொஞ்சம் யோசித்தார்.

"தகோண்டு ஹோகி", கொண்டுபோங்கள் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "இத்தனை ஜனம், சத்தம். இதுக்கு நடுவுல படத்துல நடிக்கிற பையனை வெச்சுக்கிட்டு ஒழுங்கா ஓடுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா திருப்பி அனுப்ப வேன் கூப்பிட்டுடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

எடுக்க வேண்டியது இதுதான். ஏரியின் அந்தக் கோடியிலிருந்து பையன் குதிரையில் பறந்து வருகிறான், கேமராவின் முன்னால் வந்து நிற்கிறான், குனிந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். முதலில் அவன் குதிரைமேல் கிளம்புவதைக் கிட்டத்தில் எடுத்தார்கள். கதாநாயகப் பையன் சிவந்த கன்னத்தோடு ஏறி உட்கார்ந்தான். ஓர் உதவியாளன் கறுப்புப் பலகையை நீட்டி, ஏதோ எண்ணைச் சொல்லிக் கிளாப் அடித்தான். அவ்வளவுதான். பேட்டா பாய்ந்த பாய்ச்சலில் பையன் பக்கத்து வைக்கோலில் கிடந்தான். அடியில்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் அவனுடைய அம்மா போட்ட சத்தம் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். அடுத்தது பள்ளியின் மாஸ்டர் ஏறினார். கிளாப் அடித்தார்கள். அவர் விழவில்லை, ஆனால் கால் மைல் தள்ளிப்போய்த்தான் குதிரையை நிறுத்த முடிந்தது.

மேடம் நேரே ஆபீஸ் அறைக்குப் போய் போன் செய்தார். நான்கு மணிக்கு வேன் வரும் என்றார்கள்.

பையனின் அம்மா, "பைத்தியக் குதிரை, பைத்தியக் குதிரை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா எதுவும் காதில் விழாதவர் போல, குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் அந்த உதவியாளன் பொழுதுபோகாமல் பலகையைத் திறந்து மூடினான். டக். பேட்டா பின்னங்கால் இரண்டையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டது. அவன் இன்னொரு முறை தட்டினான். மறுபடியும் அதே மாதிரி இழுத்தது. அப்பா கயிற்றை என் கையில் திணித்துவிட்டு டைரக்டரிடம் ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.

"சார், அதுக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பலகை சத்தம் சார். அது, ரேஸ் கேட்டு தொறந்துச்சின்னு நெனைச்சிக்குது. ரேஸ் வுட்டாங்கன்னு நெனைச்சி ஓடுது சார்."

டைரக்டருக்குப் புரியவில்லை. மதராஸிலிருந்து வந்திருந்த கேமராமேனுக்குப் புரிந்துவிட்டது. வாயில் இருந்த பீடியை எடுத்தார். "அடிக்காம விட்டா எடிட்டர் உசுரை வாங்கிடுவான். ஒண்ணு பண்ணலாம். ஆரம்பத்துல வேணாம், ஷாட் முடிஞ்சதும் பலகையைத் தலைகீழாப் புடிச்சு அடிச்சுக்கலாம். எண்ட் போர்டு. வழக்கமாப் பண்றதுதானே!"

அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் யார் ஏறுவது? பையன் மாட்டேன் என்றுவிட்டான், மாஸ்டரோ பையனைவிட இரண்டு மடங்கு. நான் ஏறுகிறேன் என்றேன். வீரமெல்லாம் இல்லை, அந்தப் பையனின் அம்மாமேல் இருந்த கோபம்தான். ரேஸ் குதிரைகளுக்குத் துணையாகக் கேட் வரை போகும் கிழட்டு மட்டக்குதிரை ஒன்று அப்பாவின் லாயத்தில் இருந்தது. டிரெயினர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் நான் ஓடாத ஓட்டமில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அவர் என்னையும் பார்த்தார், குதிரையையும் பார்த்தார். அந்தக் கணத்தில் அவர் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. பிறகு சேணத்தின் வாரை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, என் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்.

பையனின் சட்டையைப் போட்டு, பின்னலைத் தொப்பிக்குள் திணித்து, முகம் தெரியாதபடி தொப்பியை முன்னால் இழுத்துவிட்டு, ஏரியின் அந்தக் கோடிக்குப் போனேன். தூரத்தில் சிவப்புத் துணியை ஆட்டினார்கள். குதிகாலால் மெல்லத் தொட்டேன்.

மட்டக்குதிரையில் நான் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை. முதல் நாலு எட்டில் உடம்பு தூக்கிப் போட்டது, அதன் பிறகு ஒன்றுமே இல்லை. ஆட்டம் நின்றுவிட்டது. எனக்குக் கீழே பேட்டா நீண்டுகொண்டே போனது. அதன் மூச்சு ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்றாக வந்தது, கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. வெடித்த ஏரித் தரை சாம்பல் கோடாக ஓடியது. கண்ணில் நீர் வழிந்தது, காற்றினாலா அழுதேனா தெரியாது. கடைசியாக வருகிற குதிரை என்று எல்லோரும் கேலி செய்ததே, அதற்கே இவ்வளவு ஓட்டமா என்று பிரமித்துப் போனேன். அப்படியானால் முதலில் வந்தவை எப்படி ஓடியிருக்கும்? அத்தனை வருஷம் லாயத்தில் வளர்ந்தும் குதிரை என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேமராவின் அருகில் வந்ததும் கடிவாளத்தை இழுத்தேன். அடங்கி, நடந்து, சொன்ன இடத்தில் நின்றது. எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி கடிவாளத்தை நழுவவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது அந்த உதவியாளன் பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குதிரையின் மூஞ்சிக்கு நேரே குதித்தான்.

ஆரம்பத்தில் அடிக்கும் கிளாப்பைப் பற்றியே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அடித்தாலும் அது கிளாப்தான் என்பது, வாழ்நாள் முழுக்க ரேஸ் கேட் சத்தத்தோடு இருந்த அப்பாவுக்கும் தோன்றவில்லை, வாழ்நாள் முழுக்கக் கிளாப் அடித்தவர்களுக்கும் தோன்றவில்லை. ஓரமாக நின்ற அப்பாவின் வாய் திறந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. என் கையில் கடிவாளம் இல்லை.

டக்.

பேட்டாவின் உடம்பு முழுவதும் எனக்கடியில் சுருண்டு இறுகியது. பின்னங்கால் இரண்டும் உள்ளே வந்துவிட்டன. அதன் இதயம் என் முழங்காலில் இடித்தது. பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அது போகவில்லை. தோளில் ஒரு நடுக்கம் கிளம்பி வால் வரை ஓடியது. இன்னொன்று ஓடியது. பாய வேண்டும் என்று அந்த உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் சொல்லிக்கொண்டிருந்ததை என் தொடையால் கேட்டேன். ஆனாலும் அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நீளமாக மூச்சு விட்டு, கழுத்தை நீட்டி, அந்தப் பலகையை முகர்ந்து பார்த்தது. உதவியாளன் பலகையைப் போட்டுவிட்டு நாலு எட்டு பின்னால் போனான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நிமிஷம் படத்தில் இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டதோடு வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் விசிலடித்தவர்கள் எல்லோரும் ஓட்டத்துக்குத்தான் அடித்தார்கள்.

மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அருகில் வந்து பேட்டாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். "வேன் வந்தா திருப்பி அனுப்பிடுங்க. இது இங்க இருக்கும்" என்றார். அப்பா தலையாட்டினார். என்னை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள்.

பேட்டா இருக்கும் என்றால் அப்பா இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. லாயத்தில் மற்ற இரண்டு குதிரைகள் காத்திருந்தன. காலையில் அப்பா வழக்கத்தைவிட நெடுநேரம் மாலிஷ் போட்டார், காலில் துணிப்பட்டையைச் சுற்றினார், சரியில்லை என்று அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏன்ப்பா அது ஓடாம நின்னுச்சி? நான் கழுத்தைக் கட்டிக்கினு இருந்ததாலதானே?"

"ஆமா, கிழிச்ச. நீ பயத்துல அது மயிரப் பிச்சிக்கினு இருந்த" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேசினார். "இருவது வருசமா எத்தினியோ குதிரைங்கள ஓட வெச்சிருக்கேன்ம்மா. ஓடு, ஓடுன்னுதான் எல்லாரும் பழக்குவோம். அந்தச் சத்தத்துக்கு நில்லுன்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் சொல்லிக் குடுக்கல. அதுவா நின்னுச்சி."

சொல்லிவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அப்பா அழ ஆரம்பித்தார்.